செங்கம்மாவின் வலது கால்

சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்தில் கரும்புத் தோட்டம் முடிந்து பாறைக்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தக் காலனி. செங்கம்மா அங்கே பிறந்தபோது முதலில் வெளியே வந்தது வலது கால். தலை வர ஒரு பகல் முழுக்க ஆனது என்று ஊரில் சொல்வார்கள். அது கட்டுக்கதை, அப்படி ஆகியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது. ஆனால் கொஞ்ச நேரம் அந்தக் கால் மட்டும் தனியாக உலகத்தில் இருந்தது நிஜம். மருத்துவச்சி அதைத் தொட்டபோது அவள் கையை அது உதைத்தது. உடம்பு பிறக்கும் முன்னாலேயே கால் கோபித்துக்கொண்டது என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை. செங்கம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதுமே அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முதுகில் நிறுத்தினார்கள். அதற்கென்று முறை உண்டு. ஞாயிறும் செவ்வாயும் மட்டும், வெயில் ஏறும் முன்னால். வலிக்காரர் வாசற்படிக்கு வெளியே குப்புறப் படுக்க வேண்டும். மிதிப்பவள் வீட்டுக்குள்ளிருந்து வந்து, அவர் முகத்தைப் பாராமல், வலது குதிகாலை இடுப்பில் மூன்று தடவை வைத்து எடுக்க வேண்டும். பேசக் கூடாது. அப்புறம் ஓடுகிற தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காலில் ஏறியதை இன்னொரு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. கூலி கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்தால் போதும்.

பெரும்பாலான முதுகுகள் வெறும் முதுகுகள். ஆனால் சிலர் மேல் கால் வைத்தால், ஈர மண்ணில் வைத்தது போல ஒரு சில்லிப்பு குதிகாலுக்குள் ஏறும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷன் கோவர்த்தனனிடம்கூட.

கோவர்த்தனனுக்கு அவள் காலில் பெருமை அதிகம். இரண்டு பேருமே நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். கரும்பு வெட்டி, கட்டு கட்டி, டிராக்டரில் ஏற்றியே அரை ஏக்கர் வாங்கினார்கள். மாடு கட்டினார்கள். மகனுக்குச் சித்தூரிலிருந்து சுமித்ராவைப் பெண் எடுத்தார்கள். மகன் பெங்களூரில் வேலை பார்க்க, மருமகள் கைக்குழந்தையோடு இங்கே இருந்தாள். இதற்கிடையில் கால்வாய் வற்றி, போர்வெல் போட்டு, குழாய் வந்துவிட்டது. ஓடுகிற தண்ணீர் இல்லாமல் போக, செங்கம்மா பக்கெட்டில் மொண்டு வீட்டின் பின்னால் காலைக் கழுவத் தொடங்கினாள். “அப்பிடிக் கழுவினா அது எங்க போவும்? அங்கயேதான நிக்கும்?” என்று பக்கத்து வீட்டு ரத்னம்மா ஒருநாள் விளையாட்டாகக் கேட்டாள். செங்கம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இருட்டின நேரத்தில் அந்த ஈரத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

ஐம்பதை நெருங்கும்போது அவளுக்கே இடுப்பு வலி வந்தது. ஒரு கரும்புக் கட்டைத் தூக்கித் தலைக்குக் கொண்டுபோகிற நேரத்தில் உள்ளே ஏதோ நழுவியது. இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால், பெருவிரல் வரை காய்ச்சிய கம்பியை இழுத்துக் கட்டினது மாதிரி ஆகிவிட்டது. இருமினால் கம்பி சுண்டும். சித்தூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நரம்பைப் பார்க்க ஸ்கேன் வேண்டும், திருப்பதிக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

“ஊருக்கே இடுப்பு பாக்கறவ, தன் இடுப்பத் தூக்கிக்கினு திருப்பதிக்குப் போனா சிரிப்பாங்கமே” என்றான் கோவர்த்தனன்.

“சிரிக்கட்டும். வலிக்கறது எனக்கு.”

“இந்தக் கரும்பு முடியட்டும்.”

கரும்பு முடிந்தது, அடுத்த கரும்பு வந்தது. காலால் பிறந்தவளை இன்னொரு காலால் பிறந்தவர் மிதிக்கக் கூடாது என்பதால் அந்த வழியும் அவளுக்கு இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தாள். வலியோடுதான் மற்றவர்களை மிதித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் கண் விழித்தபோது வலி இல்லை.

அவள் அசையாமல் படுத்து அதைத் தேடினாள். எங்கும் இல்லை. கை போர்வைக்குள் ஒரு காலைத் தொட்டது. சில்லென்று இருந்தது. புருஷன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து அதைத் தள்ளினாள். அப்போது வெளியே கோவர்த்தனன் மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. போர்வையை விலக்கிப் பார்த்தாள். அது அவளுடைய கால்தான். தள்ளின கைக்குக் கால் தெரிந்தது. காலுக்குக் கை தெரியவில்லை.

எழுந்து நின்றாள். நிற்க முடிந்தது. கால் விரல்கள் மட்டும் தரையைச் சுரண்டிக்கொண்டு பின்னால் வந்தன. “வலி போச்சுய்யா” என்று வாசலில் சொன்னாள். கோவர்த்தனன் மாட்டின் நெற்றியிலிருந்த குங்குமத்தையே எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

அன்று மிதிபட வந்தது பாலையா. பலமனேரிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறவன். வாயாடி. “அக்கா, போன தடவ மிதிச்சப்போ பஞ்சு மாதிரி இருந்திச்சு. இந்தத் தடவ கொஞ்சம் அழுத்தி வை, என் பொண்டாட்டி மாதிரி” என்று சொல்லிவிட்டுப் படிக்கு வெளியே குப்புறப் படுத்தான்.

செங்கம்மா காலை வைத்தாள். வழக்கமாக வருகிற சூடு இல்லை, சில்லிப்பும் இல்லை. வைத்தோமா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். கால் அவன் இடுப்பில்தான் இருந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். அப்போதும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பாலையாவின் முதுகு விறைத்தது. “அக்கா, நீதான மிதிக்கிற?”

பேசக் கூடாது. அவள் பேசவில்லை.

“இது உன் கால் மாதிரி இல்லக்கா.” அவன் மூன்றாவது மிதிக்குக் காத்திருக்காமல் புரண்டு எழுந்து, அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்த்தான். “உள்ள யாரு கீறாங்க?”

உள்ளே யாரும் இல்லை. சுமித்ரா குழந்தையோடு ரத்னம்மா வீட்டில் இருந்தாள். பாலையா வெற்றிலையைப் படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனான்.

செங்கம்மா பின்னால் போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். சிமெண்டுத் தரையில் கால்தடங்கள் இருந்தன. சிவப்பாக, வலது கால் மட்டும், பின்கதவிலிருந்து அவள் நிற்கிற இடம் வரைக்கும். அந்த நேரம் சுமித்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“சுமித்ரா, யாரு வந்துட்டுப் போனது?”

சுமித்ரா தரையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். குழந்தையைக் கீழே விட்டாள். “அத்தே, கால தூக்கு.”

உள்ளங்காலில் கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளே நின்றது. சுமித்ரா ஊக்கால் அதை நெம்பி எடுத்தாள். செங்கம்மா அதைப் பக்கத்து வீட்டு வேலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்கலியா?”

“எங்க?”

சுமித்ரா ஊக்கைக் கீழே வைத்தாள். “எனக்கு சிசேரியன் பண்ணப்போ முதுகுல ஊசி போட்டாங்க இல்ல, அப்போ இப்பிடித்தான் இருந்திச்சு. இடுப்புக்குக் கீழ வேற யாரோ படுத்துக்கினு இருக்கற மாதிரி. உனக்கு யாரு ஊசி போட்டது?” அப்புறம், “மூத்திரம் போனியா அத்தே?”

“கேக்கற கேள்வியப் பாரு.”

“போனியா இல்லியா?”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து வரல. வரணும்னும் தோணல.”

“பின்னால கழுவறப்போ கை படறது தெரியுதா?”

செங்கம்மா சுவரைப் பார்த்தாள். “வேற ஒருத்திக்குக் கழுவற மாதிரி கீது.”

இடுப்பு வலி உள்ளவர்களுக்கு வலி திடீரென்று நின்று, உட்காருகிற இடம் மரத்து, மூத்திரமும் நின்றால், அதற்குப் பெயர் குணமாவது இல்லை. உள்ளே நரம்பு நசுங்கிச் செத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே கத்தி வைத்தால் திரும்பி வரலாம். நாளைக்கு என்று தள்ளினால், அப்புறம் ஆயுசுக்கும் குழாயும் துணியும்தான், இழுக்கிற காலும்தான். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது. சுமித்ராவுக்கும் தெரியாது. ஆனால் அவள் சரியான இடத்தில் பயந்தாள்.

கோவர்த்தனன் பயப்படவில்லை. “வலி போச்சுன்னு அவ சொல்றா, நீ ஆஸ்பத்திரின்ற. இன்னிக்கி மிதிச்சிருக்கா. எல்லையத் தாண்டக் கூடாது. காலையில போலாம்.”

“அவங்க வயித்தப் பாருங்க மாமா. மாசமா இருக்கற மாதிரி கீது. காலைல வரைக்கும் வெச்சுக்கினு இருக்கறதா?”

“இத்தினி வருசத்துல ஒரு நாள் தாண்டினது இல்ல. அவளையே கேளு.”

செங்கம்மா தன் தொடையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். தோல் சிவந்தது, அவ்வளவுதான். “பாலையா முதுகுல கால வெச்சேன்யா” என்றாள். “அது அங்க கீதான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சிகினேன். என்னுதே இல்லாத காலுக்கு எல்ல இன்னா, எல்லக்கல்லு இன்னா. ஆட்டோவக் கூப்புடு.”

எல்லைக்கல் புளியமரத்தடியில் இருக்கிறது. ஆட்டோ அதைக் கடக்கும்போது, சீட்டில் நீட்டி வைத்திருந்த வலது கால் தானாக நழுவிக் கீழே இறங்கி, வெளியே தொங்கியது. பாதம் தரையைத் தேடுவது போலிருந்தது. செங்கம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. ரோட்டில் பள்ளம் இருந்தது, கால் செத்த கால், நழுவத்தான் செய்யும். ஆனாலும் கோவர்த்தனன் அதை எடுத்து மடியில் வைத்துத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டான். சித்தூர் வரைக்கும் பிடியை விடவில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் முதலில் மூத்திரக் குழாய் போட்டார்கள். திரைக்குள்ளே செங்கம்மா மல்லாந்து படுத்திருந்தாள். “யாரோ குழாயத் திறந்து வுட்டுட்டாங்க பாரு, தண்ணி வீணாப் போவுது” என்றாள். பை நிரம்பி, இன்னொரு பை மாட்டினார்கள். அங்கிருந்த டாக்டர் மேலோட்டமாகப் பார்த்ததுமே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். மத்தியானம் சாய்கிற நேரத்தில் திருப்பதி வந்து சேர்ந்தார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு பார்ப்பவர் டாக்டர் ஹரிபாபு. தெலுங்குக்காரர், எல்லைப்பக்கத்து நோயாளிகளிடமே தமிழ் கற்றவர். செங்கம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். “குண்டூசியால தொடறேன். குத்துதா, மொட்டையா இருக்கான்னு சொல்லுங்கம்மா.”

இடது காலில் சரியாகச் சொன்னாள். அப்புறம் அமைதியானாள்.

“என்னம்மா, ஒண்ணும் சொல்லலையே.”

“நீங்க இன்னும் வலது காலு ஆரம்பிக்கலியே சார்.”

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். வலது கால் முழுக்கப் பார்த்து முடித்திருந்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், அது தூங்கிக்கொண்டிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, கூச்சம் பார்க்க முடியாத இடத்திலும் விரல் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்ததாகச் சொன்னாள். பிடிப்பே இல்லை. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் குகைக்குள் தலையிலிருந்து தொடை வரை இருட்டு. சுற்றிலும் யாரோ கதவை இடித்தார்கள், விட்டார்கள், மறுபடி இடித்தார்கள். இடி நின்ற ஒரு நேரத்தில் அவள் வலது காலை யாரோ கணுக்காலில் பிடித்து மெல்ல மேலே தூக்கினார்கள். தெளிவாகத் தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றுமே தெரியாத காலில் அது மட்டும் தெரிந்தது.

“காலை வுடுங்க” என்றாள்.

ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. “உள்ள யாரும் இல்லம்மா. ஆடாம படுங்க.”

படம் கம்ப்யூட்டரில் வந்தது. முதுகெலும்புக்குள் மேலிருந்து கீழே வெள்ளையாக ஒரு ஓடை இறங்கியது. இடுப்புக்கு வந்ததும் கறுப்பாக ஒன்று அதை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே வெள்ளை இல்லை.

“எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கும்” என்றார் டாக்டர். “அது கிழிஞ்சு, உள்ள இருக்கறது பூரா வெளிய வந்து விழுந்திருக்கு. காலுக்கு, மூத்திரத்துக்குப் போற நரம்பெல்லாம் இங்கதான் குதிரை வால் மாதிரி கொத்தாப் போகுது. அது மேலயே விழுந்திருக்கு.”

செங்கம்மா அந்தக் கறுப்பையே பார்த்தாள். “அது நான் மிதிச்சவங்களுதா சார்?”

சுமித்ரா மிதிக்கிற விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. “கரும்புக் கட்டு எத்தனை தூக்கியிருப்பீங்க?”

“கணக்கே இல்ல.”

“மிதிச்சது?”

“அதுக்கும் கணக்கில்ல.”

“எனக்கு மொதல்ல சொன்னது போதும்மா.” கோவர்த்தனன் பக்கம் திரும்பினார். “இந்த ஆபரேஷன் வலிக்காக இல்லண்டி. நொப்பி, அதான் வலி, இப்போ இல்லவே இல்ல. மூத்திரம் தானா வரணும், கால் நிக்கணும், அதுக்கு. பண்ணினா வந்துடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணலைன்னா வராது. அது சத்தியம்.”

கோவர்த்தனன் தலையை ஆட்டினான். காலையிலிருந்து அவன் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் அலர்மேல்மங்கை அவள் வளையலைக் கழற்றினாள். நகரி ஊர்க்காரி, தமிழ் கேட்டதும் செங்கம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “எப்பிடிப் படுக்க வெப்பாங்கம்மா?”

“மயக்கம் குடுத்தப்புறம் குப்புறப் போடுவாங்க.”

செங்கம்மா வளையல் இல்லாத கையைத் தடவிக்கொண்டாள். அவள் யார் முன்னாலும் குப்புறப் படுத்ததில்லை. டாக்டர் முகமூடியோடு வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க காலால பொறந்தவரு இல்லியே?” என்று கேட்டாள்.

“ஏன்?”

“அப்பிடின்னா நீங்க என் முதுகத் தொடக் கூடாது.”

“நான் சிசேரியன்மா. வயித்த அறுத்து நடுவுல கைய வுட்டு எடுத்தாங்க. மொதல்ல எது வந்துச்சுன்னு எங்கம்மாவுக்கே தெரியாது.”

மயக்க மருந்து ஏறும்போது செங்கம்மா சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அலர்மேல்மங்கை பிற்பாடு சொன்னாள்.

கீழ்முதுகின் நடுவே தோலை அறுத்து, தசையை ஒதுக்கி, எலும்பில் ஒரு சிறிய ஓட்டை போட்டு, நரம்புக்கொத்தை மெல்ல ஓரமாக நகர்த்தி, கீழே கிடந்ததை இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்தார்கள். மறுநாள் அவள் கேட்டதால் டாக்டர் அதை ஒரு சிறிய பாட்டிலில் கொண்டுவந்து காட்டினார். கறுப்பாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளையாக, நண்டுச் சதை மாதிரி, ஒரு கைப்பிடிகூட இல்லை. நீருக்குள் அது மெல்ல அசைந்தது. அவர் கை அசைந்ததால்தான் அசைந்தது. ஆனால் கை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அசைந்தது.

“இத எங்க போடுவீங்க?”

“எரிச்சுடுவோம்.”

“நல்லா எரியுதான்னு நின்னு பாருங்க” என்றாள்.

அறுத்ததோடு வேலை முடிவதில்லை, படுக்கையில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்புகிற மாதிரி, மரத்தைப் புரட்டுவது போல அவளைப் புரட்ட வேண்டும். உணர்வில்லாத குதிகால் புண்ணாகும்போது சத்தம் போடாது, ஆகவே ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அலர்மேல்மங்கை சுமித்ராவுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தாள். இரண்டே நாளில் சுமித்ராவுக்குக் கை பழகிவிட்டது. கோவர்த்தனன் மட்டும் அந்தக் காலைத் தொட மாட்டான். போர்வைக்கு அடியில் கிடந்த அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

ஒரு காலையில் அவன் எழுந்து கதவோரம் போய் நின்றான். “ஆடுதுமே.”

செங்கம்மா பார்த்தாள். போர்வையின் நுனியில் பெருவிரல் எழுந்து, விழுந்து, எழுந்தது. “நான் ஆட்டலய்யா.”

“நீ ஆட்டலன்னா?”

அவள் ஆட்டிப் பார்த்தாள். முகத்து நரம்பெல்லாம் புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். விரல் நின்றுவிட்டது. விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் கோவர்த்தனன் மெதுவாக, “மறுபடியும்” என்றான்.

டாக்டரிடம் சொன்னபோது, “நல்லதா கெட்டதான்னு இப்போ சொல்ல முடியாதம்மா, நரம்பு தானா துடிக்கும்” என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது வேறு. “வயிறு முட்டுற மாதிரி இருக்கா? போணும்னு தோணுதா?”

தோணவில்லை. குழாயை எடுத்துப் பார்த்தார்கள். பொழுது பூரா காத்திருந்தாள், ஒரு சொட்டு வரவில்லை, வயிறு மட்டும் ஏறியது. திரும்பக் குழாய் போட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கால் போனால் உட்கார்ந்து வேலை செய்யலாம். இது போனால் பையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுப் படியை மிதிப்பது, எந்தக் கல்யாணத்தில் உட்காருவது. சுமித்ரா அதைப் புரிந்துகொண்டாள். ஆறுதல் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து கையில் கொடுத்தாள். “துன்னு அத்தே.”

அடுத்த வாரம் மறுபடி குழாயை எடுத்தார்கள். வெயில் ஏறுகிற நேரம். செங்கம்மா படுத்திருந்தவள் திடீரென்று சுமித்ராவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உள்ள யாரோ தட்டறாங்க.”

“எங்க?”

“அடிவயித்துல. அவசரமாத் தட்டறாங்க.”

அலர்மேல்மங்கை வாக்கரைக் கொண்டுவந்தாள். வலது பாதம் தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் அச்சு ஒன்று மாட்டியிருந்தார்கள். அது தரையில் தட் தட்டென்று, பின்னால் இன்னொருத்தி நடந்து வருவது போலச் சத்தம் போட்டது. பாத்ரூமில் அச்சைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவளை வெஸ்டர்ன் கக்கூசில் உட்கார வைத்து, சுமித்ரா கதவை ஒருக்களித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

செங்கம்மா குனிந்து வலது பாதத்தைப் பார்த்தாள். டைல்ஸில் அது பேசாமல் இருந்தது. ஓர் எறும்பு பெருவிரலில் ஏறி, நகத்தைச் சுற்றி, பாதத்தின் மேல் ஊர்ந்து வந்தது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் கால் மேல் ஓர் எறும்பு போகிறது. அப்போது அடிவயிற்றில் ஒரு வெதுவெதுப்பு அவிழ்ந்து கீழே இறங்கியது. அது இறங்குகிற வழி முழுக்க அவளுக்குத் தெரிந்தது.

“வருதா அத்தே?” என்றாள் சுமித்ரா, கதவுக்கு வெளியே.

“வருது. நீ கதவச் சாத்து.”